பன்னிரண்டு பனிக்கலப்பைகளும் ஒரு மடிப்பும்

வேங்கிக்கால் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேரிடமும் என்னைப் பற்றி யாரோ தாராளமாக அளந்துவிட்டிருக்கிறார்கள். போன வாரம் உங்களில் ஒருவர் என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கைதானா சார்?" என்று கேட்டார். இந்தக் கைதான். இது செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு மறுபடி பிடித்துப் பார்க்கத் தோன்றினால் பாருங்கள்.

அணைக்கட்டு, கல்லூரிக் கட்டடம் என்று இன்று நாம் செய்யும் மாதிரி உருவ வேலையெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எழுபதுகளின் கடைசி. தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் தகரப் பட்டறை. புனல், உண்டியல், அரிக்கேன் விளக்கு, ஸ்டவ் ரிப்பேர். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இதே தொழில். எனக்கு முப்பது வயது. அந்த வயதில் எனக்குத் தெரியாதது இந்த ஊரில் எதுவும் இல்லை என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். தெரியாததெல்லாம் ஊருக்கு வெளியே இருந்தது. அதில் ஒன்று பெட்டியில் அடைத்து எங்கள் பட்டறைக்கு வந்தது.

கொண்டுவந்தவர் ஒரு வெளிநாட்டுக்காரர். செங்கம் ரோட்டில் வீடு எடுத்து எட்டு வருடமாகக் குடியிருந்தார். பெயர் ஹென்ரிக். நம் ஊர் வாயில் அது "எந்திரி" ஆகிவிட்டது. "எந்திரி சார் வந்திருக்காரு" என்று யாராவது குரல் கொடுத்தால், தெரியாமல் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் எழுந்து நிற்பார். அவருக்கு அது புரியும் அளவுக்குத் தமிழ் வந்துவிட்டிருந்தது. கோபித்துக்கொள்ளமாட்டார், தானும் ஒருமுறை உட்கார்ந்து எழுவார்.

தன் நாட்டில் அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அங்கே பழைய ரயில்வேக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, தாங்கள் வேலை பார்த்த பாதையையே சிறிதாக, ஒரு கூடம் நிறைய, தண்டவாளமும் பாலமும் சிக்னலுமாகச் செய்திருந்தார்கள். அதைக் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள். அதற்காக ஏதோ ஒரு கம்பெனி செய்து விற்ற பொம்மை வண்டிகளில் பன்னிரண்டை வாங்கினார்கள். பன்னிரண்டும் உருவத்தில் தப்பு. "எங்க ஊர்ல கைவேலைக்காரங்க இருக்காங்க, நான் திருத்திக் கொண்டாறேன்" என்று இவர் இங்கிருந்து கடிதத்தில் வாய் விட்டிருக்கிறார். அவருடைய ஸ்டவ்வை நான் ஒருமுறை ஒழுக்கில்லாமல் அடைத்துக் கொடுத்ததுதான் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம்.

அவர்கள் அனுப்பிவைத்த பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். சக்கரத்துக்கு மேலே ஒரு பெட்டி, பெட்டிக்கு முன்னால் கூரான மூக்கு, மூக்குக்கு இரண்டு பக்கமும் சரிவாக இரண்டு கன்னம்.

"இது பனிக்கலப்பை. தண்டவாளத்துல பனி விழும். இன்ஜின் இதைப் பின்னாடி இருந்து தள்ளும். பனி ரெண்டு பக்கமும் போயிடும்" என்றார்.

எங்கள் பட்டறையில் மெருகு போடவும் வர்ணம் பூசவும் கட்டி அனுப்பவும் பச்சையம்மாக்கா என்று ஒருவர் இருந்தார். அடி அண்ணாமலையில் சொந்த நிலம். நிலத்தில் வேலை இல்லாத மாதங்களில் எங்களிடம் வருவார். கையில் இருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

"இன்னா சார் இது? பனியைத் தள்றதுக்கு ரயிலா? மார்கழியில எங்க ஊர்ல கொட்டாத பனியா? வெயில் ஏறினா அதுவே போயிடுது."

நான் சிரித்தேன். அக்காவின் அறியாமையை நினைத்துச் சிரிப்பது போல் சிரித்தேன். உண்மையில் எனக்குத் தெரிந்த பனியும் அதே மார்கழிப் பனிதான்.

எந்திரி சார் சிரிக்கவில்லை. எதிர்க்கடையில் ஒரு படி கோலமாவு வாங்கிவரச் சொன்னார். மேசைமேல் கரையாகக் கொட்டினார். "இது ஆள் உசரம் நிக்கும்னு நினைச்சுக்குங்க" என்று சொல்லி, ஒரு பொம்மையை எடுத்து மாவுக்குள் தள்ளினார். மாவு இரண்டு பக்கமும் போகாமல் முன்னால் குவிந்துகொண்டே போய் மூக்குக்கு மேலே ஏறிக் கொட்டியது.

"பாருங்க. மூக்கு மொண்ணை. கன்னம் சுவர் மாதிரி நேரா இருக்கு. இந்தக் கன்னம் முறம் மாதிரி குழிஞ்சிருக்கணும். அப்பதான் பனி சுருண்டு வெளிய விழும்."

என் மாமு, அதாவது அம்மாவின் தம்பி, அவர்தான் பட்டறை முதலாளி. "எங்க ஆளு செய்வான் சார்" என்று என்னைக் காட்டிவிட்டு, ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு வாரம் போய்விட்டார். எனக்கு ஒரு கோட்டுப்படமும் ஒரு புகைப்படமும் மிஞ்சின. கோட்டுப்படம் எந்திரி சார் நினைவிலிருந்து போட்டது. புகைப்படம் அசல் கலப்பையை முன்பக்கத்திலிருந்து எடுத்தது. "இது ஒண்ணுதான் இருக்கு. பத்திரம்" என்றார்.

முதல் நாளே முதல் பொம்மையைக் கொன்றேன். பித்தளைக்கும் தகரத்துக்கும் பழகிய கை. அது ஈயம் கலந்த வார்ப்பு என்று தெரியாமல், மூக்கைச் சற்றே இளக்கிக் கூராக்கலாம் என்று ஊதுவிளக்கின் முன்னால் நீட்டினேன். இளகவில்லை. நேராகச் சொட்டிவிட்டது. மேசைமேல் வெள்ளையாக ஒரு சொட்டு, கையில் மூக்கில்லாத பெட்டி. மார்கழிப் பனியைப் பற்றி அக்கா சொன்னதை அந்தப் பொம்மை மட்டும் கேட்டு நடந்துகொண்டது.

ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும். தெரியாத உலோகத்தைச் சூடாக்கியது தப்புதான், ஆனால் அது சின்னத் தப்பு. அடுத்து நான் செய்ததுதான் பெரியது: யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பித்தளைத் தகட்டில் அப்படியே ஒன்றைச் செய்து, மற்ற பதினொன்றோடு கலந்துவிட்டேன். அக்கா வர்ணம் பூசும்போது அதைக் கையில் வாங்கினார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பூசினார். அதை நான் என் திறமைக்குக் கிடைத்த சான்றிதழ் என்று எடுத்துக்கொண்டேன்.

மற்றவற்றுக்குச் சூடு காட்டாமல், மெல்லிய தகட்டை முறம் போல் வளைத்து, பழைய கன்னத்தின்மேல் பசையால் ஒட்டுவது என்று முடிவுசெய்தேன். முதலில் தகரத்தில் ஒரு மாதிரி செய்து பார்த்தேன். நன்றாக வந்தது. புகைப்படத்தோடு ஒப்பிட்டேன். அங்கேதான் எனக்குப் பெருமை தலைக்கேறியது.

படத்தில் இடது கன்னத்தின் மேல் ஓரம் உள்பக்கமாக மடிந்திருந்தது. காதை மடித்துவிட்ட மாதிரி ஒரு மடிப்பு. வலது கன்னத்தில் அது இல்லை. சாதாரணக் கண்ணுக்குப் படாது. எனக்குப் பட்டது. எனக்குப் பட்டதாலேயே அது முக்கியம் என்று நினைத்தேன்.

பச்சையம்மாக்காவும் பார்த்தார். "இன்னா பாய் இது, அடிபட்ட மாதிரி இருக்குதே? எங்க ஏர்க்கொழு கல்லுல மோதினா இப்படித்தான் மடங்கும்."

"அக்கா, அவங்க ஊர்ல எல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்வாங்க. காத்து இடது பக்கத்துல இருந்து அடிக்கும். பனி திரும்பிப் பறக்காம இருக்க அந்தப் பக்கம் மடக்கி வச்சிருக்காங்க."

இந்த விளக்கத்தை எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். சொல்லும்போதே செய்தேன். செய்து முடித்ததும் எனக்கே அது உண்மையாகிவிட்டது. தெருவில் ஸ்டவ் கொண்டுவந்த இரண்டு பேருக்குக்கூட விளக்கினேன்.

மடிப்பைப் பிடிக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது. வளைவு ஒரு நாளில் வந்துவிட்டது. அந்தக் காது மடிப்பு மட்டும் பன்னிரண்டிலும் ஒரே கோணத்தில், ஒரே ஆழத்தில் வரவேண்டும் என்று எட்டு நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் வரிசையாக வைத்துப் பார்த்தால் பன்னிரண்டும் ஒரே அச்சு. எனக்கே என் தோளைத் தட்டிக்கொள்ளத் தோன்றியது.

எந்திரி சார் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வந்தார். வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நான்காவதோ ஐந்தாவதோ பார்க்கும்போது அவர் கண் கலங்கிவிட்டது. "இதுதான். இதேதான் அது" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் போன வாரம் பிடித்த அதே கை.

அக்கா பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கி, துணி சுற்றித் தைத்துக் கொடுத்தார். மறுநாள் மாலை நாலு மணி பஸ்ஸில் சென்னை, அங்கிருந்து விமானம்.

மறுநாள் காலை. வேறு வேலை ஓடவில்லை. மாதிரிக்குச் செய்து, மடிப்பும் போட்டுப் பழகிய தகரக் கலப்பை என்னிடமே இருந்தது. கோலமாவும் மீதி இருந்தது. அக்காவிடம் பீற்றிக்கொள்ள ஆசை. "வாங்கக்கா, பனி தள்றதைக் காட்டறேன்" என்று மாவைக் கரை கட்டி, கலப்பையை உள்ளே தள்ளினேன்.

வலது பக்கம் மாவு அழகாகச் சுருண்டு வெளியே விழுந்தது. இடது பக்கம் மேலே ஏறி, அந்த மடிப்பில் முட்டி, திரும்பக் கலப்பைக்குப் பின்னாலேயே கொட்டியது. மறுபடி தள்ளினேன். மறுபடி கொட்டியது. காற்று அடிக்கிறது என்று சொல்லக்கூட வழியில்லை, கதவைச் சாத்தியிருந்தேன்.

அக்கா குனிந்து பார்த்தார். "நான் சொன்னேன் இல்ல? அது அடிபட்டது பாய்."

அடிபட்ட வண்டியின் படத்தைப் பார்த்து, அடிபட்ட இடத்தைப் பன்னிரண்டு முறை, மிகச் சரியாகச் செய்து கொடுத்திருக்கிறேன். திருத்தக் கொடுத்த பொருளில் இல்லாத தப்பு ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்.

உடனே என் மூளை வேலை செய்தது. அது எனக்காகத்தான் வேலை செய்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். படம் கொடுத்தது அவர். பார்த்து மகிழ்ந்தவர் அவர். நாலு மணிக்குப் பஸ் ஏறிவிடுவார். மாமு இல்லை. தப்பைக் கண்டுபிடிக்க அங்கே கோலமாவும் இருக்காது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கி அக்காவிடம் சொன்னேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டார். "நீ போய் சொல்றியா, நான் போகட்டுமா?"

சைக்கிளை எடுத்தேன். செங்கம் ரோடு முழுக்கச் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு ஒத்திகையிலும் குற்றம் புகைப்படத்தின் மேலேயே போய் உட்கார்ந்தது. வீட்டு வாசலில் அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"தெரியும். சொல்ல வந்துட்டீங்களா? ஒண்ணு மட்டும் கனம் கம்மி. அது நீங்களே செஞ்சது. பழசு என்ன ஆச்சு? உருகிடுச்சா?"

மானம் போவதற்கு இவ்வளவு நல்ல நேரம் வாய்க்காது. "உருகிடுச்சு சார். ஆனா நான் வந்தது அதுக்கு இல்லை. இது வேற தப்பு" என்றேன். ஒத்திகை எல்லாம் மறந்துவிட்டது. மாவு கொட்டியதைச் சொன்னேன், அக்கா முன்பே சொன்னதையும் நான் கேட்காததையும் சொன்னேன், காற்றுக் கதையையும் சொன்னேன்.

அவர் படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது கல்லு மோதின மறுநாள் எடுத்த படம்" என்றார். "அன்னைக்கு ஓட்டினது நான். கூட இருந்தவன் சொன்னான், நிறுத்து, மேல கல்லு சரியும்போல இருக்குன்னு. பின்னாடி ஒரு பாசஞ்சர் வண்டி காத்துட்டு இருந்துச்சு. நான் நிறுத்தலை. அவனுக்கு ரெண்டு விரல் போச்சு. பதினாறு வருஷமா இந்தப் படம் என் மேசையில இருக்கு. எனக்கு அந்தக் கலப்பைன்னா அந்த மடிப்போடதான் ஞாபகம். அதான் நேத்து எனக்குத் தப்பா தெரியலை."

படத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அவனும் அந்தச் சங்கத்துல இருக்கான். காட்சிக்கு வருவான். பன்னெண்டு கலப்பை. பன்னெண்டுலயும் அது. அவன் முன்னாடி நான் கொண்டுபோய் வச்சிருப்பேன்."

நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு புனல் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இன்றும் சில நாள் நினைக்கிறேன்.

பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் பட்டறைக்கு வந்தபோது மணி பதினொன்று. அக்கா தையலைப் பிரித்தார். வலது கன்னம் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து இடதைச் சரிசெய்ய வேண்டியதுதான். மடிந்த ஓரத்தை வெட்டி, புதுத் துண்டு வைத்து, தேய்த்து, வர்ணம் தொடவேண்டும். எந்திரி சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அரம் பிடித்தார். ரயில்வேக்காரர், கை நன்றாகவே ஓடியது.

அக்கா கேட்டார்: "பன்னெண்டும் வேணுமா, நல்லா இருக்கறது வேணுமா? அதை முதல்ல சொல்லிடுங்க."

"முடிஞ்ச வரைக்கும் போதும்மா" என்றார் அவர்.

"பன்னெண்டும் முடியும்" என்றேன் நான். என்னை யாரும் கேட்கவில்லை.

பித்தளையில் செய்தது முதலில் முடிந்தது. அது என் சொந்தப் பிள்ளை, சொன்னபடி கேட்டது. இரண்டே காலுக்கு எட்டு முடிந்தது. மீதி நாலு. அப்போதாவது கணக்குப் போட்டிருக்கவேண்டும். போடவில்லை. நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டை ஒன்றாக மேசை இடுக்கியில் வைத்துத் திருகி இறுக்கினேன். வார்ப்பு இரண்டும் மூக்கோடு விரிசல் விட்டன. அந்தச் சத்தம் சின்னச் சத்தம்தான். தெருவுக்கே கேட்டது போல் இருந்தது எனக்கு.

ஒன்பதாவதை எடுத்து நிதானமாக முடித்தேன். மூணே கால். கடைசி ஒன்று கிடந்தது. கை தானாக அதை நோக்கிப் போனது. அக்கா இடுக்கியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"உடு பாய். வர்ணம் காயணும். பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும். இதை உடைச்சுட்டு அந்த ஒம்பதையும் ஈரத்தோட அனுப்பப் போறியா?"

விட்டேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று அது, எடுத்தது அக்கா. நீங்கள் கெடு நெருங்கும் வேலையில் மாட்டிக்கொள்ளும்போது, கடைசி உருப்படி உங்களைப் பார்த்துக் கையாட்டும். அதற்கு நீங்கள் பதில் கையாட்டாமல் இருக்க ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தத் தைரியம் தனியாக இன்றுவரை வந்ததில்லை.

எந்திரி சார் ஒன்பதைப் பெட்டியில் வைத்தார். உடைந்த இரண்டையும் எனக்கே கொடுத்துவிட்டார். மடிப்போடு இருந்த அந்த ஒன்றைக் கையில் எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னலிலிருந்து, பையைத் தொட்டபடியே, தலையசைத்தார்.

அதன்பிறகு மூன்று மாதம் அவரைப் பற்றிச் செய்தி இல்லை. மாமு ஆம்பூரிலிருந்து வந்து நடந்ததைக் கேட்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் ஊதுவிளக்கை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டு, "கேட்டுட்டு எடு" என்றார். ஒரு வருடம் அது கேட்டுத்தான் எடுக்கப்பட்டது. முப்பது வயதில்.

தை மாதத்தில் ஒரு நாள் எந்திரி சார் வந்து நின்றார். இளைத்திருந்தார். எனக்கும் அக்காவுக்கும் தனக்கும் டீ சொன்னார். ஸ்டூலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

காட்சியில் ஒன்பது கலப்பைகளும் ஓடினவாம். வளைவு அச்சு அசலாக இருக்கிறது என்று பழைய ஆட்கள் எல்லாரும் குனிந்து குனிந்து பார்த்தார்களாம். கூட்டம் கலைந்த பிறகு, அந்த விரல் போன மனிதர் தனியாக நின்றுகொண்டிருந்தபோது, இவர் போய்ச் சட்டைப் பையிலிருந்து பத்தாவதை எடுத்து அவர் முன்னால் வைத்திருக்கிறார். "நீ நிறுத்தச் சொன்னே. நான் நிறுத்தலை" என்று சொல்லியிருக்கிறார். அந்த வாக்கியத்துக்குப் பதினாறு வருடம் ஆகியிருந்தது.

"அவன் அதை எடுத்துப் பார்த்தான்" என்றார் எந்திரி சார். "அப்புறம் கேட்டான், 'இது ஏன் இடது பக்கம் மடிஞ்சிருக்கு?'ன்னு. நான் படத்தைக் காட்டினேன். அவன் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். ரெண்டு விரல் இல்லாத கை. 'நான் உட்கார்ந்திருந்தது வலது பக்கம். கல்லு வந்தது வலது பக்கம். உன் படத்தை இடம் வலமாத் திருப்பி அச்சடிச்சிருக்காங்கடா, முட்டாளே'ன்னான்."

பதினாறு வருடம் மேசையில் வைத்துப் பார்த்துப் பார்த்து, அவருடைய ஞாபகமே படத்தின் பக்கம் சாய்ந்துவிட்டிருக்கிறது. மோதியது எந்தப் பக்கம் என்பதைக்கூடப் படத்திடம்தான் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தாராம். இவரும் சிரித்தாராம். கூடத்தைப் பூட்டவேண்டும் என்று ஆள் வந்து நிற்கும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்து, அன்று நடந்ததை முதல் தடவையாக, ஒவ்வொரு நிமிடமாகப் பேசியிருக்கிறார்கள்.

சொல்லி முடித்துவிட்டு எந்திரி சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பக்கம் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எட்டு நாள். ஒரே கோணம். ஒரே ஆழம்.

பச்சையம்மாக்கா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப, தப்பைக்கூடத் தப்பாத்தான் செஞ்சிருக்கே, பாய்."